அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மக்கள் வாக்கும் தேர்வாளர் வாக்கும்

ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நவம்பர் மாதத்தில் அவர்கள் அளிக்கும் வாக்கு, வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரே இருந்தாலும், சட்டப்படி அந்த வேட்பாளரின் சார்பில் நிறுத்தப்பட்ட தேர்வாளர்களுக்கே சேர்கிறது. நாடு முழுவதும் மக்கள் அளித்த வாக்குகள் மக்கள் வாக்கு எனப்படும். தேர்வாளர்கள் டிசம்பரில் தத்தம் மாநிலத்தில் கூடி அளிப்பது தேர்வாளர் வாக்கு. தலைவர் யார் என்பதை முடிவு செய்வது இரண்டாவதுதான்.

தேர்வாளர்கள் மொத்தம் 538 பேர். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, அத்தனை தேர்வாளர்கள் அதற்கு உண்டு. பிரதிநிதிகள் அவையின் 435 இடங்கள் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகின்றன; செனட் அவையில் மாநிலத்துக்கு இருவர் வீதம் 100 இடங்கள். மாநிலமாக இல்லாத தலைநகர் வாசிங்டனுக்கு 1961இல் நடைமுறைக்கு வந்த 23ஆவது திருத்தம் 3 தேர்வாளர்களை வழங்கியது. வெற்றிக்கு 270 தேவை. செனட் இடங்களும் கணக்கில் சேர்வதால் சிறிய மாநிலங்களுக்குச் சற்றுக் கூடுதல் எடை கிடைக்கிறது. கலிபோர்னியாவின் மக்கள்தொகை வயோமிங்கைப் போல் 60 மடங்குக்கும் அதிகம். ஆனால் தேர்வாளர்கள் 54க்கு 3, அதாவது 18 மடங்கே.

மாணவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் அடுத்தது. மேயின், நெப்ராசுகா தவிர்த்த 48 மாநிலங்களிலும் தலைநகரிலும், அதிக வாக்குப் பெற்றவருக்கே எல்லாத் தேர்வாளர்களும் சேர்வர். வித்தியாசம் ஒரு வாக்கா, பத்து லட்சமா என்பது பொருட்டல்ல. 2000ஆம் ஆண்டு தேர்தலில் அல் கோர் நாடு முழுவதும் 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் முன்னிலை பெற்றார். ஆனால் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்த புளோரிடாவில் 537 வாக்குகளில் பின்தங்கினார். அங்கிருந்த 25 தேர்வாளர்களும் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்குப் போயினர், அவர் 271 தேர்வாளர் வாக்குகளுடன் தலைவரானார்.

2016இல் ஹிலாரி கிளின்டன் மொத்தத்தில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். கலிபோர்னியாவில் மட்டும் அவருடைய முன்னிலை 42 லட்சம். அந்த உபரி வாக்குகளை வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்ல வழியில்லை. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்றிலும் சேர்த்து 80 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் டோனால்ட் டிரம்ப் 46 தேர்வாளர்களை வென்றார். வேட்பாளர்கள் இழுபறி மாநிலங்களையே சுற்றிவருவதன் காரணம் இதுதான். 1824, 1876, 1888 ஆகிய ஆண்டுகளிலும் மக்கள் வாக்கில் பின்தங்கியவரே தலைவரானார். இவற்றுள் 1824 தனிவகை: எவருக்கும் தேர்வாளர் பெரும்பான்மை கிடைக்காததால் பிரதிநிதிகள் அவை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில், ஜான் குவின்சி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது.

இம்முறையை நீக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவும், நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. 1969இல் நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தைப் பிரதிநிதிகள் அவை 338க்கு 70 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு செனட் அவையில், முடிவில்லாத விவாதத்தை நிறுத்தப் போதிய வாக்கு கிடைக்காமல், அது கைவிடப்பட்டது.