தாழ்ப்பாள் இல்லாத உறை

பின்லாந்துக்காரரின் இடுப்பில் தொங்கும் ‘பூக்கோ’ கத்தியை முதன்முதலில் பார்ப்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். விரல் வழுக்கி அலகில் படாமல் தடுக்கும் குறுக்குக்கட்டைகூட அதில் இல்லை. அலகின் நீளம் பெரும்பாலும் உள்ளங்கை அகலம்தான். 9, 10 சென்டிமீட்டர் இருக்கும். பின்லாந்து மொழியில் ‘பூ’ என்றால் மரம். மரம் செதுக்கும் கத்திக்கு அதிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். கரண்டி செதுக்க, மீன் கீற, பட்டை உரிக்க இதற்கு மேல் நீளம் எதற்கு?

கொல்லர் தேர்ந்தெடுப்பது கரிமம் கூடிய எஃகு. அதைக் காய்ச்சிப் பட்டடையில் அடித்து அலகாக்குகிறார். பின்முனையில் ஒல்லியான வால் ஒன்றை நீட்டிவிடுகிறார். பிறகுதான் உயிர்நாடியான வேலை. சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பில் காந்தம் ஒட்டாது. அதையே அடையாளமாக வைத்து, இன்னும் சற்றுச் சூடேற்றி எண்ணெயில் தோய்க்கிறார். நிதானமாக ஆறவிட்டால் எஃகுக்குள் கரைந்திருக்கும் கரிமம் தனியே பிரிந்துவிடும். திடீரென்று குளிர்ந்தால் பிரிய நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும், எஃகு இறுகும். ஆனால் அப்போது அது கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால்கூட உடையலாம். அதனால் 200 டிகிரி வாக்கில் மறுபடி ஒன்றிரண்டு மணி நேரம் சூட்டில் வைப்பார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய அலகு வைக்கோல் நிறத்துக்கு மாறினால் பதம் சரி.

அலகின் பாதி அகலத்திலிருந்து விளிம்புவரை ஒரே சரிவாகத் தேய்ப்பதுதான் பூக்கோவின் சூட்சுமம். அந்தச் சரிவை அப்படியே சாணைக்கல்லில் படியவைத்துத் தீட்டினால் போதும். கோணத்தைக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

வாலில் பிர்ச் மரப்பட்டை வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, இறுக்கி, முனையைத் தட்டி மடக்கினால் பிடி தயார். உறைபனியிலும் இந்தப் பட்டை கையைச் சில்லிட வைக்காது. நடுவில் பருத்து, நுனியில் சற்று மெலியும் வடிவம் பிடிக்கு. ஏன் என்பது உறைக்கு வரும்போது தெரியும்.

என்னைக் கேட்டால், உறைதான் இதில் கெட்டிக்காரத்தனமான பாதி. முதலில் அலகுக்கு மெல்லிய மரக்கூடு ஒன்று குடைகிறார்கள். இல்லாவிட்டால் கூர்முனை தையலையே அறுத்துவிடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை நீரில் ஊறவைத்து, ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியையும் கூட்டையும் சேர்த்துப் போர்த்தி, குத்தூசியால் துளையிட்டு முதுகுப்பக்கம் இறுக்கித் தைக்கிறார்கள். காயக் காயத் தோல் சுருங்கிப் பிடியின் வளைவை அப்படியே கவ்வுகிறது. பிடியில் பெரும்பகுதி உறைக்குள் போய்விடும். பருத்த நடுப்பகுதியைத் தாண்டி வந்து வாய் இறுகியிருக்கும். பொத்தான் வேண்டாம், வார் வேண்டாம்.

பின்லாந்தில் கௌஹாவா என்ற ஊர் பூக்கோவுக்குப் பேர்போனது. அங்கே ஈசாக்கி யார்வென்பாவின் பட்டறை 1879இல் தொடங்கியது. ரொவானியெமி நகரில் மார்த்தீனி என்ற கத்தி நிறுவனம் 1928இல் வந்தது.

எப்போதாவது ஒரு பூக்கோ வாங்க நேர்ந்தால் அலகின் பளபளப்பில் மயங்காதீர்கள். உறையோடு தலைகீழாகப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குங்கள், கால்மேல் விழாதபடி மேசைக்கு மேலே. கத்தி நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.