வரப்பு மரமே வயலுக்கு உரம்

"வரப்பில் மரம் வைத்தால் நிழல் விழும்; பயிர் மெலியும்" என்று தயங்கும் விவசாயிகள் பலர். அந்தப் பயம் பொய்யல்ல. வெட்டாமல் விட்ட மரம் வெளிச்சத்தையும் ஈரத்தையும் பயிரோடு பங்கு போடும். ஆனால், விதைப்புக்கு முன் கிளைகளை வெட்டி மண்ணில் சேர்த்தால், அதே மரம் வயலுக்கு உரமாகும். இதற்கு ஏற்றது கிளைரிசிடியா.

தொழு உரம் குறைந்து, ரசாயன உரத்தை மட்டும் நம்பும் நிலங்களில் அங்ககக் கரிமம் குறைகிறது. நமது மானாவாரி நிலங்கள் பலவற்றில் அது அரை சதவீதத்துக்கும் கீழே உள்ளது. அத்தகைய மண் மழைநீரைப் பிடித்து வைக்காது.

நடவு

மானாவாரி நிலத்துக்கு நாற்றாக நடுவது நல்லது. வேர் ஆழமாக இறங்கி வறட்சியைத் தாங்கும். நஞ்சை வரப்பில் போத்து நடலாம். பருவமழை தொடங்கியதும் 2 அடி இடைவெளியில் நடுங்கள். பொது வரப்பாக இருந்தால், பக்கத்து நிலக்காரரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

கவாத்து

முதல் ஆண்டு வெட்ட வேண்டாம். பிறகு 3 அடி உயரத்தில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை வெட்டலாம். ஒரு வெட்டு கட்டாயம் விதைப்புக்கு முன் இருக்க வேண்டும். நிழல் பிரச்னை அத்துடன் தீரும்.

நெல் வயலில் நடவுக்கு ஒரு வாரம் முன் தழையைச் சேற்றில் மிதித்துவிடுங்கள். மானாவாரியில் முதல் மழை ஈரத்திலேயே உழுது மூடுங்கள். மேலே காயவிட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

எவ்வளவு கிடைக்கும்?

சதுரமான ஓர் ஏக்கர் வயலின் சுற்று வரப்பு சுமார் 830 அடி. அதில் 400 செடிகள் நிற்கும். வளர்ந்த செடி ஒன்று ஆண்டுக்கு 5 கிலோ பச்சைத் தழை தந்தால், மொத்தம் 2 டன். அதில் 10 முதல் 14 கிலோ தழைச்சத்து இருக்கும். இது 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை ஆகும்.

இதைக் கொண்டு யூரியாவை அடியோடு நிறுத்த முடியாது; மண் பரிசோதனை செய்து, அதன்படி குறைக்கலாம். ஆனால் யூரியா தராத அங்ககப் பொருளைத் தழை தருகிறது. மண் பொலபொலப்பாகி ஈரம் நிற்பது அதனால்தான்.

வரும் மழைக்கு ஒரே ஒரு வரப்பில் நட்டுப் பாருங்கள். பலன் பார்த்துவிட்டு மற்ற வரப்புகளுக்குப் போகலாம். போத்துக்கு வெளியே அலையவும் வேண்டாம்.