கல்லுக்குள் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்து!

கவரைப்பேட்டைப் பக்கம் நடவுக்கு முன் கடைசி உழவு ஓட்டும்போதே, அடியுரமாக டி.ஏ.பி மூட்டை வயலுக்கு வந்துவிடும். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. ‘இந்த உரமும் பாஸ்பேட் கல்லில் இருந்துதானே வருகிறது? அந்தக் கல்லையே மாவாக அரைத்து வயலில் போட்டால் என்ன?’ என்று விவசாயிகள் கேட்பது நியாயம்தான். இந்தக் கேள்விக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடைத்த ஒரு கல் பதில் சொல்கிறது.

சேர நாட்டுப் பெயர்

கல்குளம் வட்டத்தில் உள்ள குட்டக்குழி, 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அங்கே பாறை இடுக்கில் ஓடிய ஒரு வெள்ளைக்கல் படிவத்தில் பச்சை நிற மணிகள் கிடைத்தன. பார்வைக்கு அவை, மணவாளக்குறிச்சி கடற்கரைத் தாதுமணலில் உள்ள மோனசைட்டின் உறவு போல இருந்தன. மோனசைட்டும் ஒரு பாஸ்பேட் கனிமம்தான்.

போவி, ஹார்ன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அந்த மணிகளைச் சோதித்தார்கள். எக்ஸ்ரே சோதனையில், அணுக்கள் அடுக்கியிருந்த விதம் மோனசைட்டைப் போலவே இருந்தது. ஆனால், ரசாயனச் சோதனையில் தோரியமும் கால்சியமும் மிக அதிகம். அமைப்பு ஒன்று, சரக்கு வேறு என்பதால் இது புதிய கனிமம் என்று 1953-ல் அறிவித்தார்கள். சேர நாட்டை நினைவூட்டும் வகையில் ‘சேரலைட்’ என்று பெயரும் வைத்தார்கள்.

பாறை மக்கியது, மணி மக்கவில்லை

கன்னியாகுமரிப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. பிறகு மேலே வந்து, மழையிலும் வெயிலிலும் மக்கின. சேரலைட்டைச் சுற்றியிருந்த கல்லும் வெள்ளைக் களிமண்ணாகிவிட்டது. ஆனால், பச்சை மணிகள் அப்படியே இருந்தன. அவற்றில் மணிச்சத்தைத் தோரியம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. மழைநீரே கரைக்காததை, நெல்லின் வேர் எப்படி உறிஞ்சும்?

உரம் செய்யப் பயன்படும் அபடைட் என்ற கனிமம் இவ்வளவு பிடிவாதமானது அல்ல. அதையும் ஆலையில் கந்தக அமிலத்தில் கரைத்து, அம்மோனியா சேர்த்த பிறகே டி.ஏ.பி ஆகிறது. பூட்டைத் திறக்கத்தான் அமிலம்.

வயலில் என்ன செய்யலாம்?

அபடைட் கல் மாவான ராக் பாஸ்பேட், அமிலத்தன்மை உள்ள மண்ணில் மெள்ளக் கரைந்து பலன் தரும். நடுநிலை, களர் நிலங்களில் போட்டால் பெரும்பாலும் கல்லாகவே கிடக்கும். அதனால், முதலில் மண் பரிசோதனை செய்து கார அமில நிலையையும், பயிருக்குக் கிட்டும் மணிச்சத்தின் அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வருடக்கணக்கில் டி.ஏ.பி போட்ட நிலத்தில், அந்தச் சத்தில் ஒரு பகுதி மண்ணோடு ஒட்டி, கரையாமல் சேர்ந்திருக்கும். அதைக் கரைத்துக் கொடுக்கும் வேலையை பாஸ்போபாக்டீரியா செய்யும். ஏக்கருக்கு 800 கிராம் எடுத்து, மட்கிய தொழுவுரத்தில் கலந்து, நடவுக்கு முன் தூவலாம். ரசாயன உரத்தோடு மட்டும் கலக்கக் கூடாது.

மணிச்சத்து கூடிப்போனால் நெல்லில் துத்தநாகக் குறை தலைதூக்கும். எனவே, பக்கத்து வயலைப் பார்த்து மூட்டையைக் கூட்டாமல், மண் பரிசோதனை அட்டையைப் பார்த்துப் போடுவதே காசையும் பயிரையும் காக்கும்.