‘இன்னையிலிருந்து குடிக்க மாட்டேன்’... குடியைத் திடீரென நிறுத்தினால் உடலில் என்ன நடக்கும்?

பல வருஷமாகத் தினமும் குடிக்கும் அப்பாவோ அண்ணனோ ஒருநாள் ‘இனிமே தொட மாட்டேன்’ என்றால், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால், அடுத்த நாலைந்து நாள்கள் அவரைத் தனியாக விடாதீர்கள்.

ஏன் அப்படி?

மூளையில் ‘காபா’ என்ற ரசாயனம் பிரேக் மாதிரி, ‘குளுட்டமேட்’ ஆக்சிலரேட்டர் மாதிரி. மது பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மூளை ஆக்சிலரேட்டரை மிதித்துப் பழகிவிடுகிறது. மது சட்டென நின்றால் பிரேக் போய்விடும். ஆக்சிலரேட்டரில் வைத்த கால் மட்டும் அப்படியே இருக்கும்.

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். ‘காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்’ என்று சிலர் சொல்வது இதனால்தான். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். அதன்பிறகு, பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில் வருவதுதான் ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’. இடம், நேரம் தெரியாது. சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். காய்ச்சல் அடிக்கும். எல்லோருக்கும் இது வராது. வந்தால், சிகிச்சை இல்லாமல் உயிரே போகலாம்.

இந்த இடத்தில்தான் வீடுகளில் தப்புக்கணக்கு போடுகிறார்கள். ‘குடிக்கிறதுக்காக நடிக்கிறார்’ என்பார்கள். ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கக் கூட்டிப் போவதும் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்ட கையோடு நிறுத்துபவர்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது. கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கும் அப்படித்தான். மானத்துக்குப் பயந்து டாக்டரிடம் குடிப்பழக்கத்தை மறைத்தால், மூன்றாம் நாள் வார்டில் அவர் உளறுவது ஏன் என்று யாருக்கும் புரியாது.

2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று கேரள அரசு உத்தரவு போட்டது. மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மருத்துவர்கள் சொன்னது சரிதான். இதற்குத் தேவை மருந்து, மது இல்லை.

பென்சோடயசெபைன் வகை மருந்தைக் கொடுத்து, சில நாள்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே பி1 வைட்டமினான தயமின் ஊசி. ‘சோர்வா இருக்கார், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று நீங்களாகக் கேட்காதீர்கள். தயமின் குறைவாக இருப்பவருக்கு அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்ற இரண்டையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், இந்த முறை ஆஸ்பத்திரியில் வைத்தே நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். வலிப்போ உளறலோ தொடங்கிவிட்டால் நேராக 108.