காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதி: அண்ணாவின் ஊரும் வாக்காளர் தீர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

காஞ்சிபுரம் தொகுதியை ‘அண்ணாவின் ஊர்’ என்னும் அடையாளத்தைக் கொண்டே விளக்குவது வழக்கமாக உள்ளது. அவ்வடையாளம் தேர்தல் முடிவுகளை எந்த அளவிற்கு விளக்க வல்லது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், சட்டமன்றத் தொகுதி, அண்ணா, நெசவாளர், கூட்டணி அரசியல்.

முன்னுரை

கோயில்களாலும் பட்டு நெசவாலும் அறியப்படும் காஞ்சிபுரம், தமிழக அரசியலின் திருப்புமுனைகள் சிலவற்றிற்கும் களமாக விளங்கியது. 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் இங்கு நடைபெற்ற காங்கிரசு மாகாண மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாமையால் ஈ.வெ.ரா. காங்கிரசைவிட்டு வெளியேறினார். 1909இல் இவ்வூரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை, 1942இல் ‘திராவிட நாடு’ இதழை இங்கிருந்தே தொடங்கினார்.

1957: முதல் வெற்றி

1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் 1952 பொதுத்தேர்தலில் போட்டியிடவில்லை. ஆயினும் தேங்கிய கைத்தறித் துணிகளை அதன் தலைவர்கள் தெருத்தெருவாகச் சுமந்து விற்றனர். நெசவாளரின் வாழ்வாதாரச் சிக்கலைக் கட்சி தன்னுடையதாக ஏற்றுக்கொண்டதை இது காட்டுகிறது. 1957இல் அக்கட்சி முதன்முறையாகத் தேர்தலைச் சந்தித்தது. அண்ணா காஞ்சிபுரத்தில் வென்று, பதினைந்து உறுப்பினர் கொண்ட சட்டமன்றக் குழுவிற்குத் தலைமை ஏற்றார்.

1962: சொந்த ஊரில் தோல்வி

அடுத்த தேர்தலில் தி.மு.க. ஐம்பது இடங்களைப் பெற்றது. ஆனால் அண்ணா தோற்றார். காங்கிரசு வேட்பாளரும் பேருந்துத் தொழில் நடத்தியவருமான எஸ்.வி. நடேச முதலியார் வெற்றி பெற்றார். 1957இல் வென்ற பதினைவரில் மு. கருணாநிதி மட்டுமே மீண்டும் வென்றார். அவரும் குளித்தலையிலிருந்து தஞ்சாவூருக்கு மாறிப் போட்டியிட்டவரே. எனவே காஞ்சித் தோல்வியை அவ்வூரார் மனமாற்றமாக மட்டும் கொள்வது பொருந்தாது. வெற்றிபெற்ற எதிர்க்கட்சியினரின் தொகுதிகளில் ஆளுங்கட்சி செலுத்திய தனிக்கவனத்தையும் உடன்வைத்தே அதனை நோக்க வேண்டும். 1967இல் அண்ணா தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார். முதலமைச்சரான பின் சட்டமேலவை உறுப்பினரானார். காஞ்சிபுரத்தின் சட்டமன்ற உறுப்பினராக அவர் மீண்டும் அமரவில்லை.

1972க்குப் பின்: பொதுவான மரபுரிமை

1972இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி அண்ணாவின் பெயரையே தாங்கியது. அதன் கொடியிலும் அவர் உருவம் இடம்பெற்றது. இதனால் இரு பெருங்கட்சிகளும் அவர் மரபிற்கு உரிமை கோரின. இருவருக்கும் பொதுவான ஒரு பெயர், ஒருவரின் வெற்றியையும் மற்றவரின் தோல்வியையும் ஒருசேர விளக்க இயலாது. விளக்கத்தை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது.

கூட்டணிகளின் காலம்

அண்மைத் தேர்தல்கள் இதற்குத் தெளிவு தருகின்றன. 2006இல் தி.மு.க. அணியில் நின்ற பாட்டாளி மக்கள் கட்சியின் பி. கமலாம்பாள் வென்றார். 2011இல் அ.தி.மு.க.வின் வி. சோமசுந்தரம் வென்றார். 2016இல் மாநில ஆட்சியை அ.தி.மு.க. தக்கவைத்துக்கொண்டபோதும், இங்குத் தி.மு.க.வின் சி.வி.எம்.பி. எழிலரசன் வெற்றி பெற்றார். 2021இல் பா.ம.க. அ.தி.மு.க. அணியிலிருந்து போட்டியிட, எழிலரசனே மீண்டும் வென்றார். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் குடியிருப்புகளுடன் சுற்றுப்புறச் சிற்றூர்களும் இத்தொகுதியில் அடங்கும். ஆதலால் நெசவாளர் வாக்கு மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நோக்கி நெசவுக் குடும்பத்து இளைஞர்கள் செல்வதும் பழைய தொழில்வழி அணிதிரட்டலைத் தளர்த்தக்கூடியது.

முடிவுரை

அண்ணாவின் பெயர் காஞ்சிபுரத்திற்கு அரசியல் பெருமை அளித்தது. வாக்குகளை அது எக்கட்சிக்கும் உடைமையாக்கவில்லை. 1962ஆம் ஆண்டின் முடிவை விதிவிலக்கென ஒதுக்காமல் தொடக்கப்புள்ளியாகக் கொண்டால், இத்தொகுதியின் வரலாறு தலைவர் வழிபாட்டின் வரலாறாக அன்றி வாக்காளர் தேர்வின் வரலாறாகப் புலப்படும். வாக்குச்சாவடி வாரியான ஆய்வுகள் இப்பார்வையை மேலும் செம்மைப்படுத்தும்.