அறுவைக்கு முன்னே

சிறுநீரகப் புற்றுநோயாளிக்கு அறுவை நாள் குறிக்கப்பட்டதும், அதுவரை படுத்து ஓய்வெடுப்பதே நலம் எனச் சுற்றத்தார் கருதுவர். அன்பால் எழும் கருத்தாயினும் அது பிழையானது. படுக்கையில் கழியும் நாள்கள் தசைகளைத் தளர்த்துகின்றன. தசை தளர்ந்தவர் அறுவைக்குப்பின் எழுந்து நடக்க நெடுநாள் ஆகும்.

சிறுநீரகங்கள் உதரவிதானத்தை அடுத்து, விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி அமைந்துள்ளன. ஆதலால் விலாப்புறத்தைக் கீறிச் செய்யும் அறுவைக்குப்பின் ஆழ்ந்து மூச்சிழுத்தாலும் இருமினாலும் வலிக்கும். வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சுவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், நிமோனியாவும் தோன்றக்கூடும். மூச்சுப்பயிற்சியை வலியில்லாத நாள்களிலேயே பழகுமாறு மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான். புகைப்பவர் நான்கு வாரங்களுக்கு முன்பேனும் அப்பழக்கத்தை விடுதல் வேண்டும். இந்நோய் வருவதற்கே புகையும் ஒரு காரணமன்றோ!

நாள்தோறும் நடப்பதும், இரத்தசோகை இருப்பின் முன்னரே சரிசெய்துகொள்வதும் இன்றியமையாதவை. புரத உணவின் அளவை, எஞ்சும் சிறுநீரகத்தின் திறனறிந்து மருத்துவரே கூறவேண்டும். அண்டை வீட்டார் சொல்லும் பத்தியம் இங்கு உதவாது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெருங்குடல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். உடற்பயிற்சி, உணவு, மன அமைதிக்கான பயிற்சி ஆகியவற்றை அறுவைக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் முன்பே தொடங்கியவர்களுள் 84 விழுக்காட்டினர் எட்டு வாரங்களில் பழைய நடைத்திறனை மீட்டனர். அறுவைக்குப்பின் தொடங்கியவர்களுள் 62 விழுக்காட்டினரே மீட்டனர். உறுப்பு வேறாயினும் தளர்கின்ற தசை ஒன்றே.

பயிற்சிக்காக நோயாளி தாமே அறுவையைத் தள்ளிப்போடுதல் கூடாது. காத்திருக்க நேரும் நாள்களே இதற்கு உரியவை.