பழத்தை நாடாத பழ ஈ

பழ ஈ என்றதும் விலங்கியல் மாணவர்களாகிய எங்களுக்கு ஆய்வகச் சீசாக்களில் வளரும் டிரோசோபிலாதான் நினைவுக்கு வரும். அது வேறு குடும்பம். நான் இங்கு எழுத வந்தது டெஃப்ரிடிடே குடும்பத்தைப் பற்றி. நம் மாம்பழத்தைத் துளைத்துக் கெடுக்கும் ஈ இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் பெயரில் பழம் இருந்தும் பழத்தின் பக்கமே போகாதவை இதில் பல உண்டு.

ஐரோப்பாவில் திசில் என்றொரு முட்செடி இருக்கிறது. சூரியகாந்தியைப் போலவே, ஒரு பூவாகத் தோன்றும் அதன் ஊதா நிறத் தலை உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். யூரோஃபோரா ஸ்டைலேட்டா என்னும் ஈ, அத்தலை மொட்டாக இருக்கும்போதே செதில்களின் இடுக்கில் முட்டையிட்டுவிடுகிறது. புழு உள்ளே புகுந்து உண்ணத் தொடங்கியதும், சுற்றியுள்ள திசு தடித்துக் கட்டைபோல் இறுகிக் கழலையாகிறது. விதைக்குச் சேரவேண்டிய சத்து புழுவுக்குப் போகிறது. செடி காய்ந்து பனி மூடினாலும் கழலைக்குள் புழு பத்திரமாக இருக்கும். வசந்தத்தில் கூட்டுப்புழுவாகிப் பின் ஈயாக வெளிவரும். வீடும் கட்டிக்கொடுத்து உணவும் தருகிறது, பாவம், அந்தச் செடி!

இந்தக் குணத்தை மனிதன் பயன்படுத்த நினைத்தான். திசிலின் உறவினமான புள்ளி நாப்வீட், ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போய் மேய்ச்சல் நிலங்களில் பரவியது. அதை அடக்கக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1970இல் யூரோஃபோரா அஃபினிஸ், 1972இல் யூரோஃபோரா குவாட்ரிஃபாசியேட்டா ஆகிய ஈக்கள் விடப்பட்டன. விதை வெகுவாகக் குறைந்தது. செடியோ குறையவில்லை, எஞ்சிய விதையே அதற்குப் போதுமானதாக இருந்தது. செடி குறையாததால் ஈயும் குறையவில்லை.

இனித்தான் கதையே. குளிர்காலத்தில் மொன்டானா மாநிலத்து மான் எலிகள் காய்ந்த பூத்தலைகளைக் கடித்துப் புழுக்களைத் தின்னப் பழகின. பஞ்ச காலத்தில் கிடைத்த இந்த விருந்தால் எலிகள் பெருகின. அவ்வெலிகளோ சின் நோம்ப்ரே என்னும் ஹான்டா வைரசைச் சுமப்பவை. 1993இல் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸ் மனிதரின் நுரையீரலைத் தாக்கி உயிரைக் கொல்லக்கூடியது. புழு விருந்து கிடைத்த இடங்களில், வைரஸ் தொற்றிய எலிகள் ஏறக்குறைய மும்மடங்கு இருந்தன என்று பியர்சன், கேலவே ஆகிய இருவரும் 2006இல் எழுதினர்.

இதில் ஈயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது வேறு பயிரைத் தொடவில்லை. தன் செடியைத் தவிர வேறெங்கும் போகவில்லை. ஈ எந்தச் செடியைத் தின்னும் என்று சோதித்துப் பார்த்தவர்கள், ஈயை எது தின்னும் என்று கேட்கவில்லை.